மெய்ப்புப் பார்ப்பவன் எடுத்த வகுப்பு

மேடைக்கு மூன்று படி. கைப்பிடி இல்லை.
எந்தக் காலை முதலில் வைப்பது என்று
நான் கணக்குப் போடுவதற்குள் இரண்டு பேர் வந்து
அக்குளில் கைகொடுத்துத் தூக்கி வைத்துவிட்டார்கள்,
மூட்டை இறக்குகிற மாதிரி.
செருகியிருந்த சட்டை வெளியே வந்துவிட்டது.
கேட்டுவிட்டுத் தொடுங்கள், இதுதான் முதல் பாடம் என்றேன்.
மைக் அதை வேறு என்னவோவாகச் சொன்னது.

ஆயுதப்படை மைதானத்தை ஒட்டிய மண்டபம்.
நூற்றிருபது பேர், ஒரே அளவு முடிவெட்டு,
கவாத்து முடிந்து வந்த வியர்வை.
‘மாற்றுத்திறனாளிகளை அனுகும் முறை, ஒரு மணி நேரம்’
என்று கரும்பலகையில் எழுதியிருந்தது.
அணுகுவதற்கு ஒரு சுழி குறைகிறது.
பொறுத்துக்கொண்டேன்.

தொழில் அப்படி.
தெற்கு மாசி வீதியில் கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில்
பதினாறு வருஷமாக மெய்ப்புப் பார்க்கிறேன்.
மாப்பிள்ளை பெயரில் ஒரு கால் விட்டுப்போனாலும்
என் கண்ணுக்குத் தப்பாது.
வாய்தான் இப்படி.
பிறந்தபோது மூச்சு தாமதமாக வந்தது;
அன்றிலிருந்து சொல்லும் தாமதம், நடையும் தாமதம்.
ஒரு வாக்கியத்தை நான் முடிப்பதற்குள்
நீங்கள் ஒரு டீயை ஆற்றிக் குடித்துவிடலாம்.

ஆவணி முகூர்த்த நெருக்கடி.
வேலை முடிய ராத்திரி பத்தரை.
திருநகர் பஸ்ஸில் ஏறும்போது கால் இடறி
ஓர் அம்மாவின் பூக்கூடைமேல் சாய்ந்தேன்.
“குடிச்சிட்டு ஏறிருக்கான் பாரு.”
யார் சொன்னது என்று தெரியாது.
அதற்குள் பஸ் முழுக்க அந்த வாசனை வந்துவிட்டது.
ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.
அன்றைக்கு நான் குடித்தது
இரண்டு டம்ளர் பருத்திப்பால்.

உங்களை மட்டும் சொல்லவில்லை.
உங்களுக்கு முன்பே தீர்ப்பெழுதியது டவுன் பஸ்.
பழங்காநத்தத்தில் வாகனச் சோதனை;
கண்டக்டர் விசிலடித்து என்னை உங்களிடம் இறக்கிவிட்டார்.

ஊது என்றார்கள். ஊதினேன்.
பூஜ்ஜியம்.
மெஷினைத் தொடையில் தட்டி, இன்னொரு தடவை ஊது என்றார்கள்.
பூஜ்ஜியம்.
“சனியன், ரிப்பேரு போல” என்றார் ஏட்டையா.
அந்த ராத்திரியில் என்னை நம்பியது
அந்த மெஷின் ஒன்றுதான்.
அதற்கும் என் கதி.

அடையாள அட்டையை எடுக்கப் பைக்குள் கை விட்டேன்.
கை நடுங்கும். கத்தி என்று பட்டிருக்கலாம்.
ஓர் அறை.

விடியும் வரை ஸ்டேஷன் பெஞ்சு.
தம்பி வந்து கையெழுத்துப் போட்டபின்
காகிதத்தை என்னிடமும் நீட்டினார்கள்.
‘வாய் குளறி, தள்ளாடிய நிலையில், குடிபோதையில்...’
நல்ல கையெழுத்து. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.
வாய் குளறியது நிஜம். தள்ளாடியதும் நிஜம்.
ஒரே ஒரு சொல்லைச் சிவப்பில் அடித்து
ஓரத்தில் நீக்கல் குறி போட்டேன்.
பழக்கதோஷம்.
அதற்கு இன்னோர் அறை.

இந்த இடத்தில் யாரோ சிரித்தார்கள்.
அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.
இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.
நெஞ்சுப் பட்டையில் பேச்சியம்மாள் என்று இருந்தது.
“சார், நெசமாவே குடிச்சிருந்தா?”

குடித்திருந்தாலும் அடிக்காதீர்கள்
என்று சொல்லத் தொடங்கினேன்.
‘குடித்திருந்தாலும் அடிக்க’ வரை வந்து
நாக்கு மாட்டிக்கொண்டது.
நம் மொழியில் ‘கூடாது’ எல்லாம் கடைசியில்தான் வரும்.
பாதியில் விட்டால் நேர் எதிர் அர்த்தம்.
நூற்றுப் பத்தொன்பது முகங்களும்
ஆளுக்கொரு சொல்லால் எனக்கு முடித்துத் தரத் துடித்தன.
மின்விசிறி கிறீச்சிட்டது.
அவள் மட்டும் நின்றபடியே இருந்தாள்,
தலையாட்டாமல், எடுத்துக் கொடுக்காமல்,
அந்த ‘காதீர்கள்’ வந்து சேரும் வரை.

சால்வை போர்த்தினார்கள். கைதட்டினார்கள்.
அதே இரண்டு பேர் மேடைக்கு வந்தார்கள்.
அக்குளுக்குள் கையை விட்டபிறகு
“பிடிக்கலாமா சார்?” என்றார் ஒருவர்.
வேண்டாம் என்று நான் சொல்லி முடித்தபோது
கீழே நின்றுகொண்டிருந்தேன்.