தொண்ணூறரை

காக்கி புக்கிட், மூன்றாம் மாடிப் பட்டறை.
எங்கள் வேனின் பின்கதவு திறந்திருக்க
எஞ்சின் இறங்கிவந்து
பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்திருக்கிறது,
பல் பிடுங்க வந்தவர் முறை வருமுன்பே
வாயைத் திறந்துகொண்டதுபோல்.

ஷாஹ்ரில் விரல் மடக்குகிறான்.
இப்போது இருப்பது எண்பத்தைந்தரை.
எண்பத்தேழு போட்டால் மலிவு,
கூட்டைத் தொட வேண்டாம்,
மதியத்துக்குள் மாட்டிவிடலாம்.
தொண்ணூறரை என்றால் கூட்டைக் கடைய வேண்டும்.
தொண்ணூற்று நான்கு என்றால்…
வாக்கியத்தை முடிக்காமல்
கையைத் துடைத்துக்கொண்டான்.

எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு.
என் சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்குள்
ஓர் ஆண்டு போனஸ் ஒளிந்துகொண்டிருக்கிறது.

கப்பல் கம்பெனியில் விலைச்சீட்டு எழுதுகிறவள் நான்.
வகுக்காமல் இருக்க முடியாது.
தொண்ணூறரைக்கு மூவாயிரத்துத் தொள்ளாயிரம் வெள்ளி.
ஐம்பது வயது வண்டிக்கு
ஆண்டில் நாற்பத்தைந்து நாள்தான் சாலை.
நாளுக்கு எண்பத்தாறு வெள்ளி அறுபத்தேழு காசு.
மூன்று ஆண்டு தாங்கினால்
நாளுக்கொரு மீன்தலைக் கறி.

“இந்தத் தீவில் மலை எங்கே இருக்கு?” என்றார் சிவநேசன்.
“புக்கிட் தீமாவே நூற்று அறுபத்து நாலு மீட்டர்.
நம்ம புளோக் மின்தூக்கி அதில் பாதி ஏறிடும்.”

மலை பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.
அவருக்கும் தெரியும்.
போன டிசம்பர், தாப்பா ஏற்றம்.
இரண்டாம் கியரில் முப்பது, பிறகு இருபது,
பிறகு முள்ளே வெட்கப்பட்டுப் படுத்துவிட்டது.
காலியாகத் திரும்பும் முட்டைக்கோஸ் லாரிகள்
ஹாரன் அடித்துத் தாண்டின.
இவர் கதவைத் திறந்து இறங்கி
சாலையோரக் கடையில் பெத்தாய் இரண்டு கட்டு வாங்கி
மீதிச் சில்லறையை எண்ணிப் பார்த்து
நடந்தே வந்து ஏறிக்கொண்டார்.
நான் நிறுத்தவே இல்லை.
நிறுத்தினால் மறுபடி புறப்படாதோ என்ற பயம்.

அன்றிரவே தொண்ணூற்று நான்கின்மேல் ஆசை வைத்தேன்.
இரட்டைக் கார்புரேட்டர், புது சைலன்சர், எல்லாமும்.
ஆசைக்குக் கூடு கடைய வேண்டியதில்லையே.

ஆனால் அதற்குத் தலை மாற்ற வேண்டுமாம்,
கிளட்ச் மாற்ற வேண்டுமாம்,
இவ்வளவு வேகத்துக்கு இந்த பிரேக் போதாதாம்.
ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் என்பார்களே,
அப்படி நீண்டது சீட்டு.

எண்பத்தேழோ, சுவர் மெலிந்தது என்றான்.
என் மொழியில் அது அடிகனமில்லாத பாத்திரம்.
உட்லண்ட்ஸில் வெள்ளிக்கிழமை மாலை,
முன்னால் எட்டு பேருந்து, பின்னால் கண்ணுக்கெட்டிய வரை விளக்கு,
தண்ணீர் குடிக்காத எஞ்சின்
காற்றை மட்டும் நம்பி நிற்கும்.
அங்கே காற்று என்பதே
முன்வண்டி விட்ட மூச்சுதான்.
பால் பொங்கிவிடும்.

“தொண்ணூறரை,” என்றேன்.
ஏலக்கடையில் கை தூக்கியது போலிருந்தது.

படிவம் போட வேண்டும்.
அனுமதி வந்த பிறகுதான் கடைசல்.
அதுவரை எஞ்சினுக்கு டயரும்
எனக்குப் பேருந்தும்.

சீட்டின் கடைசி வரியில் ஒரு ரப்பர் நாடா,
இருபத்தெட்டு வெள்ளி.
எஞ்சினைச் சுற்றியுள்ள இடுக்கை அடைக்குமாம்,
வெந்த காற்று திரும்பி உள்ளே வராமல்.
இத்தனை நாள் அது இல்லாமலேயே ஓட்டியிருக்கிறேன்.
அந்த வரியைத்தான் இரண்டு முறை படித்தேன்.

சரிவுப் பாதையில் நடந்து இறங்கும்போது
சிவநேசன் வெகுநேரம் பேசவில்லை.
மின்கட்டணப் பாக்கியை நினைக்கிறார் என்று நினைத்தேன்.

“அப்போ பெத்தாய்?” என்றார்.

“ஓடி வாங்க,” என்றேன்.