தட்டைத் துடைத்துவிட்டு நிறு

முப்பத்தொரு வருசம்
தராசுகளைச் சந்தேகிக்கத்தான் எனக்குச் சம்பளம்.
கல்லடிப் பாலத்தடி மீன்கடையிலிருந்து
செங்கலடி நெல்லாலை வரைக்கும்
என் பித்தளைப் படிக்கற் பெட்டியைக் கண்டால்
சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு எழும்புவார்கள்.
கிலோவுக்கு ஐந்து கிராம் பிசகினாலும்
முத்திரை இல்லை.

தவநேசத்துக்குச் சீனி வருத்தம் வந்த வருசம்
இலண்டனிலிருந்து அவள் தம்பி ஒரு மீற்றர் அனுப்பினான்.
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு.
ஒரு துளி இரத்தம், ஐந்து விநாடி,
9.4 என்றது.
"ஒம்பதுதானேகா!" என்று
அன்றைக்கு இரண்டாந்தரமும் சோறு போட்டாள்.
ஒரு கிழமை நாங்கள் சந்தோசமாக இருந்தோம்.

கிளினிக்கில் றிபாயா மிஸ்ஸி
சிரிப்பை முகக்கவசத்துக்குள் வைத்துக்கொண்டு
பதினெட்டால் பெருக்கினா.
நூற்று அறுபத்தொன்பது.
"அங்கத்தை அலகு வேற, ஐயா."
அலகு வேறு என்று
எனக்கு ஒருவர் சொல்லித்தர
நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

அதே விரலில் அவவின் மீற்றர் 181.
கை நரம்பில் எடுத்து ஆய்வுகூடம் தந்தது 174.
எது சரி என்று கேட்டேன்.
"எல்லாம் சரிதான்.
நூற்றுக்குப் பதினைஞ்சு கூடலாம், குறையலாம்."
பதினைஞ்சா!
அந்தக் கணக்கில் நான் முத்திரை குத்தியிருந்தால்
இந்த ஊரில் ஒரு பாரைக்கும்
வால் வீடு வந்து சேர்ந்திராது.

சரிபார்க்க ஒரு திரவம் உண்டு என்று
பெட்டிக்குள் மடித்த தாளில் இருந்தது.
எனக்குப் படிக்கல் கிடைத்த மாதிரி.
மூன்று பாமசியில் கேட்டேன்.
மூன்றாவது பெடியன் எனக்கு
மூக்குக்கு விடும் மருந்தை எடுத்து நீட்டினான்.
பிறகு நான் செய்யக்கூடியதைச் செய்தேன்:
ஸ்ட்ரிப் குப்பியைத் தகரக்கூரைச் சூடு படாமல் வைத்தேன்,
திகதி முடிந்ததை எறிந்தேன்,
சி.ஆர். கொப்பியில் கோடிட்டு எழுதினேன்.

வைகாசியில் ஒரு பின்நேரம்
திருக்கோவிலிலிருந்து அவள் தங்கச்சி குடும்பம்.
எருமைத் தயிர் முட்டி, போத்தலில் கித்துள் பாணி.
பிள்ளைகளுக்கு அவள்தான் ஊற்றிக் கொடுத்தாள்.
தான் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை.
அவர்கள் போன பிறகு குத்திப் பார்த்தோம்.
268.

கூட்டிப் போட வேண்டிய இன்சுலினை இழுத்து
குமிழி போகச் சுண்டிக்கொண்டிருந்தேன்.
"என்னகா, கை நடுங்குது. வேர்வையும்."
"சீனி கூடினா அப்பிடித்தான் புள்ள."
சொன்னது நான்.
ஒரு தராசையும் நம்பாத நான்
ஒரு தீப்பெட்டியை நம்பி,
முப்பது வருசம் பக்கத்தில் படுத்தவளை நம்பாமல்.

அவள் கையைப் பிடித்தேன்.
விரல் என் விரலோடு ஒட்டியது.

ஒட்டியது.

மீன்கடையில் எத்தனை ஆயிரம் தரம்
நானே கத்தியிருப்பேன்:
தட்டைத் துடைத்துவிட்டு நிறு,
தண்ணிக்கு ஏன் காசு வாங்குறாய்!

குழாயடிக்கு இழுத்துப்போய்
சவுக்காரம் போட்டு, கழுவி, ஈரம் துடைத்து
வேறு விரலில் குத்தினேன்.
58.

ஊசியில் இருந்ததைத் தொட்டியில் பீச்சினேன்.
கையில் அகப்பட்டது அந்தப் பாணிப் போத்தல்தான்.
மூன்று கரண்டி.
கண்ணை மூடிக்கொண்டு நக்கினாள்,
ஒன்றரை வருசத்துக்குப் பிறகு.
"நல்ல பாணி," என்றாள்.
கால் மணித்தியாலத்தில் 91.
அந்த 91ஐயும் நான் நம்பவில்லை,
நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது.

கந்தோர்ப் பதிவேட்டில் பிழை வந்தால்
அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு,
பக்கத்தில் சுருக்கொப்பம்.
268க்குக் கோடு இழுத்தேன்.
"நானும் வைக்கட்டா?" என்று பேனையை வாங்கி
தன் பெயரை முழுசாகவே எழுதிவிட்டாள்,
அடுத்த நாளின் கட்டத்துக்குள்ளும் போகும்படி.