செவிக்கல்

என் கடையின் பின்னறையில் இரண்டு உறைபெட்டிகள்.
ஒன்றில் இரை: கணவாய், மத்தி,
கால் கிலோ பொட்டலங்கள்.
மற்றதில் தலைகள்.

ஸ்னாப்பர் தலைகள்.
ஒவ்வொன்றும் ஒரு பிளாஸ்டிக் பையில்,
கூடவே பென்சிலில் எழுதிய சீட்டு:
பிடித்தவர், நாள், நீளம், இடம்.
இடத்துக்கு எதிரே எல்லாரும் ‘ஏறக்குறைய’ என்று தொடங்குவார்கள்.
அந்தச் சொல்லை எங்கள் ஊர் அளவுக்கு
யாரும் நேசித்திருக்க முடியாது.
விரிகுடாவில் பாதி அதற்குள் அடங்கும்.

மாதம் ஒருமுறை ஆய்வகத்து வேனில் அனெலீஸ் வருவாள்.
மண்டையைப் பிளந்து மூளைக்கு அடியிலிருந்து
இடுக்கியால் எடுப்பாள் அந்தக் கல்லை,
பூசணி விதையளவு, வெள்ளை.
காதுக்குள் வளர்கிற கல்.
குறுக்கே அறுத்து வெளிச்சத்தில் வைத்தால்
குளிர்காலங்களை எண்ணிவிடலாமாம்.
பிறகு கடிதம் வரும்:
அன்புள்ள திரு. பாஸ்கோ, உங்கள் மீனின் வயது முப்பத்தொன்று.

மெர்வின் பாஸ்கோ அதை என் கல்லாவுக்கு மேலே ஒட்டினார்.
‘என் மகளுக்கு அக்கா’ என்று சிரித்தார்.
அடுத்த முறை பார்த்தபோது சிரிக்கவில்லை.

அதற்குப் பின் வந்த கடிதங்களில்
பதினான்கு, பதினான்கு, பதினான்கு.
மறு வருடம் பதினைந்து, பதினைந்து.
ஏதோ ஒரு நல்ல கோடையில் பிறந்தவை.
அதற்கு இளையது ஒன்றுகூட இல்லை.
ஒரே வகுப்பு ஆண்டுதோறும் தேறிக்கொண்டிருக்க
ஒன்றாம் வகுப்பில் பிள்ளையே சேராத பள்ளிக்கூடம்.

நவம்பரில் மூடினார்கள்.
கடலுக்கு ஏது கதவு?
படகுத்துறையில் ஒரு பலகை அறைந்தார்கள்: மூன்று ஆண்டு.
கேரவன் பூங்காவில் புல் நிமிர்ந்தது.
ஸ்டாவ்ரூலா தன் சிப்ஸ் கடையை
வியாழன் முதல் ஞாயிறு வரை என்று சுருக்கினாள்.
கிழங்கான் பிடிக்க வந்தவர்களுக்கு
நான் சின்ன முள் விற்றேன்.
தலைப்பெட்டி காலி.
அணைக்க மனம் வராமல்
காலிக்கும் மின்கட்டணம் கட்டினேன்.

கால்பந்து கிளப்பில் கருத்துக்கேட்புக் கூட்டம்.
கவலைகளுக்கு மஞ்சள் சீட்டு, யோசனைகளுக்குப் பச்சை.
முதல் அரைமணியில் மஞ்சள் தீர்ந்துபோயிற்று.
பாஸ்கோ எழுந்தார், தொப்பியைக் கழற்றாமல்:
‘மீன் இல்லாத இடத்தில் தேடிவிட்டு
மீனே இல்லை என்கிறீர்கள்.’
அனெலீஸ் சொன்னாள்: ‘இருக்கிற இடத்தைச் சொல்லுங்கள்.’

பீர் குளிர்விக்கும் யந்திரத்தின் இரைச்சல் மட்டும்.
பெற்ற மகனுக்கும் சொல்லாத இடங்கள்;
மற்றொரு படகைக் கண்டால்
வேண்டுமென்றே வேறு திசைக்குத் திரும்பிக் காத்த இடங்கள்.
காது கொடுங்கள் என்று அதுவரை கத்திக்கொண்டிருந்தவர்கள்
காலணிகளைப் பார்த்தார்கள்.
அதுவரை கொடுத்ததெல்லாம் மீனின் காதுதான்.

மறு வாரம், மழையில், கடை திறக்குமுன் பாஸ்கோ வந்தார்.
டீசல் கறை படிந்த ஒரு நோட்டு.
அட்சம், தீர்க்கம், பக்கத்தில் அவர் இட்ட பெயர்கள்:
மாமியார் வீடு. தொலைந்த நங்கூரம். ஞாயிறு மட்டும்.
ஒன்றும் பேசவில்லை.
உறைபெட்டியைத் திறந்து, ஒரு பையை உதறி,
நோட்டை அதற்குள் போட்டுச் சீட்டு எழுதினார்.
பிடித்தவர்: மெ. பாஸ்கோ.
நீளம்: நாற்பத்திரண்டு ஆண்டு.
இடத்துக்கு எதிரே ‘ஏறக்குறைய’ என்று கை பழக்கத்தில் எழுதி
அதை அடித்தார்.

காகிதத்தைக் குளிரில் வைக்க வேண்டியதில்லை.
நானும் சொல்லவில்லை.

மார்ச்சில், மாமியார் வீட்டுக்கு மேலே
கயிற்றில் கேமரா இறக்கினார்கள்.
கடற்பஞ்சு. மணல். முகம் சுளித்த ஒரு சுறா.
நாற்பதாவது நிமிடத்தில்
உள்ளங்கை நீளத்தில் இளஞ்சிவப்பாக ஒன்று,
முதுகில் நீலப் பொட்டுகள்,
கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.
ஆறு நிமிடம் கழித்து மறுபடி.
அதேதானா, இன்னொன்றா?

தடை இன்னும் மூன்று ஆண்டு நீண்டது.
அறிக்கையில் ‘ஒன்று’ என்று எழுதினாள் அனெலீஸ்.
என் கடையில் நிற்பவர்களைக் கேட்டால்
இரண்டு.