நான்கு நொடி

கொச்சபாம்பாவில், பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில்,
கோழி வறுக்கும் கடைக்கு மேலே
இரண்டாம் மாடியில் என் வேலை:
பிறர் நெஞ்சின் ஒரு முழு நாளை
ஒரு மணி நேரத்தில் ஓட்டிப் பார்ப்பது.

கறுப்புப் பெட்டி, ஐந்து ஒட்டுகள், கூடவே ஒரு தாள்.
என்ன செய்தீர்கள், என்ன உணர்ந்தீர்கள்,
நேரத்தோடு எழுதுங்கள்.
எழுதுகிறார்கள்.
'9:10 மாடிப்படி ஏறினேன்.'
'1:30 சூப். உப்பில்லை.'
'6:00 மகளோடு பேசினேன்.'
அந்த ஆறு மணிக் கோட்டைப் பார்த்தால்
தலைதெறிக்க ஓடியிருக்கிறது.
பேச்சாம்.

நாளொன்றுக்கு லட்சம் துடிப்பு.
ஒன்றுகூட முந்திக்கொள்ளாத நெஞ்சைப்
பதினோரு வருடத்தில் விரல்விட்டு எண்ணலாம்.
யானைக்கே அடி சறுக்கும்போது
ஓய்வென்று உட்காராத கைப்பிடிச் சதை
எத்தனை தடவைதான் சரியாக மிதிக்கும்?
பலருக்கு அது தெரிவதே இல்லை.
தெரிந்தவர்கள் மீன் துள்ளியதென்பார்கள்,
படி இருக்குமென்று வைத்த கால்
காற்றை மிதித்ததென்பார்கள்.
நல்லது, வீட்டுக்குப் போங்கள் என்பார் டாக்டர்.

எல்லோரையும் அப்படி அனுப்ப முடியாது.
பரீட்சைக்கு முந்தைய இரவு மூன்று டப்பா பானம் குடித்த ரமிரோ.
கழுத்துச் சுரப்பி கூடுதலாய் உழைத்ததில்
குளிரிலும் வியர்த்த ஒப்தூலியா டீச்சர்.
திருவிழா மூன்று நாளும் சிச்சா குடித்துவிட்டு
நான்காம் நாள் வந்த கசாப்புக்காரர்:
மேலறைகள் துடிக்கவில்லை, நடுங்கின,
ஆலங்கட்டி விழும் தகரக்கூரைபோல.
குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வரும் பாதிரியார்.
ரத்த அழுத்த மாத்திரையை
வாரத்துக்கு ஒன்றாய்ச் சிக்கனம் செய்தவர்.
பிறகு வயது. வெறும் வயது.
நாற்பதைக் கடந்த நால்வரில் ஒருவருக்காவது
என்றாவது அந்த நடுக்கம் வரும் என்கிறார்கள்.
எனக்கு நாற்பத்தாறு. கோழிக்கடை வரிசையில் நிற்கும்போது
சும்மா எண்ணிப் பார்ப்பேன்.

மிஸ்கே பள்ளத்தாக்கிலிருந்து வருகிறவர்களிடம் மட்டும்
முதலில் சுவரைப் பற்றிக் கேட்கிறோம்.
மண்சுவரா? விரிசல் இருந்ததா?
விரிசலில் வின்சூக்கா இருக்கும்.
தூங்கும் பிள்ளையின் கன்னத்தில் குடிக்கும்,
குடித்த இடத்தருகே கழியும்,
பிள்ளை சொறியும்.
அவ்வளவுதான்.
வீடு இடிந்துவிடும், பிள்ளைக்குப் பிள்ளை பிறக்கும்,
முப்பது வருடம் கழித்து
மூவரில் ஒருவரின் நெஞ்சில்
அந்த விரிசல் திறக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை, கடைசிப் பெட்டி.
எலியோதோரோ செஹாஸ், ஐம்பத்திரண்டு, மிஸ்கே.
வாழைப்பழ லாரி.
தாளில் மொத்தமே மூன்று வரி, மூன்றாவது:
'16:52 ஓட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னலைத் திறந்தேன்.'

16:52.
கோடு வந்தது, வந்தது,
பிறகு வரவில்லை.
பத்து சென்டிமீட்டர்
ஒரு முனைகூட இல்லாத வெறுந்தாள்.
பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஒரு துடிப்பு.

நான்கு நொடி.
அறுபது கிலோமீட்டர் வேகத்தில்
அறுபத்தாறு மீட்டர்.
வில்லா துனாரிக்கு இறங்கும் சாலையில்
அதற்குள் இரண்டு வளைவு வரும்.

டாக்டர் திங்கள்தான் வருவார்; அவர் போனும் அணைந்திருந்தது.
முடிவை நான் சொல்லக்கூடாது, அது விதி.
எண்ணை அழுத்தினேன்.
மலைக்குள் இருந்தால் மணியே அடிக்காது.
அடிக்கவில்லை.
மறுபடி.
கீழே எண்ணெயில் கோழி விழும் சத்தம்.
மறுபடி.

"சொல்லுங்க செஞோரா."
போன உயிர் திரும்பியது, எனக்கு.
கொலோமியைத் தாண்டிவிட்டாராம்.
"தலை லேசாச் சுத்தும். ஜன்னலைத் திறந்தா சரியாயிடும்."
வண்டியை ஓரம்கட்டுங்கள் என்றேன்.
"வெயில்ல காய் பழுத்துடும்."
பழுக்கட்டும்.
"முதலாளி..."
பழுக்கட்டும், தோன் எலியோதோரோ.
வேறு ஆளை வரச்சொல்லுங்கள்.

பதிலில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.
நான் எண்ணினேன், தொழில் பழக்கம்.
ஏழாவதில்
கைப்பிரேக் இழுபட்டது.