பதினாலுக்குப் பத்து

அறை பதினாலடி நீளம், பத்தடி அகலமாம்.
ஜன்னல் கிடையாது.
ஜன்னல் வேண்டுமென்றால் ஆளுக்கு நாலாயிரம் கூட.
பால்கனிக்கு,
ஏஜென்ட் ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சொன்ன தொகையை
நான் எழுதிக்கொள்ளவேயில்லை.

சீட்டு எடுத்த பணம். கரண்ட் பில்லின் பின்பக்கம் கணக்கு.
காட்பாடியிலிருந்து ரயில், துறைமுகக் கட்டணம்,
ரூபனுக்குத் தனியாக ஒரு தொகை,
சலுகை வயது தாண்டிப் பதினோரு நாள் ஆகிவிட்டதால்.
"பதினோரு நாள்தானே" என்கிறார் எபினேசர்,
பெரியவளை இன்னும் அஞ்சு முடியவில்லை என்றே
இரண்டு வருஷம் பஸ்ஸில் கூட்டிப்போன மனுஷர்.
கப்பலில் கண்டக்டர் இல்லை, ஆதார் கேட்பார்கள் என்றேன்.

அக்சாவின் கேள்விகளுக்குத் தனித் தாள்:
கப்பலுக்கு பிரேக் உண்டா.
ராத்திரி டிரைவர் தூங்குவாரா.
கீழே மீன் இருக்கும்போது எப்படி ஃப்ளஷ் பண்ணுவது.
கடைசிக் கேள்வி மூன்று நாளாக
அவள் அப்பாவிடம் நிலுவையில் இருக்கிறது.

தண்ணீர் என்றால் எங்கள் பிள்ளைகளுக்குக்
கோட்டையைச் சுற்றிப் பச்சையாய்ப் படுத்திருக்கும் அகழி,
இல்லாவிட்டால் நாள் விட்டு நாள் வரும் குழாய்.
பாலாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது
ரூபன் எட்டிப் பார்த்து "மணல்" என்பான்,
தப்பென்று சொல்ல முடியாது.
ஒரே ஒரு நவம்பரில் அது ஆறாகவே வந்தது.
போலீஸ் கயிறு கட்டியிருந்தது.
அக்சாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் போனேன்.
சொல்லாமல் வந்துவிட்ட பணக்காரச் சொந்தத்தை
எங்கே உட்காரவைப்பதென்று தெரியாமல்
ஊரே கயிற்றுக்கு இப்பால் நின்றது.

தோட்டப்பாளையம் மருந்துக் கடையில் வாந்தி மாத்திரை கேட்டேன்.
"ஏலகிரியா?"
போன மே மாதம் ஏழாவது வளைவில்
ரூபன் என் கைப்பையை நிரப்பியது அவருக்கும் தெரியும்.
"கடலுக்கு."
"கடல்ல வளைவே இல்லையேம்மா"
என்றபடி இன்னொரு அட்டையும் எடுத்து வைத்தார்.

எக்ஸ்ரே அறையில் பன்னிரண்டு வருஷம் எனக்கு.
இரண்டு ராத்திரி ரயிலில் வந்து இறங்கி
மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னால்
மொழி புரியாமல் கையைப் பிடிப்பவர்கள்.
நான் பார்த்த பயணப்பெட்டி எதிலும்
மேலே ரிப்போர்ட், கீழேதான் துணி.
லீவு விண்ணப்பத்தில் காரணம் என்ற கட்டத்தில்
கப்பல் என்று எழுதக் கூசி
குடும்ப வேலை என்று எழுதிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை ராத்திரி மொட்டைமாடியில்
டேப் பிடித்து, சாக்பீஸால் கோடு போட்டோம்.
பதினாலுக்குப் பத்து.
கட்டில் இங்கே, அலமாரி அங்கே,
குளியலறைக்குள் எபினேசர் திரும்பினால்
முழங்கை நடுக்கடலில்.
நாலு பேரும் உள்ளே படுத்துப் பார்த்தோம்.
தளம் பகல் வெயிலை இன்னும் விட்டபாடில்லை.
கோட்டுக்கு வெளியே கால் நீட்டியதற்காக
ரூபன் இரண்டு தடவை மூழ்கி,
அக்கா தலைமுடியைப் பிடித்துக் காப்பாற்றியதில் அழுதான்.

அப்புறம் அவள் எழுந்து போய்
கைப்பிடிச்சுவரில் ஒரு வட்டம் வரைந்தாள்.
"பதினாறாயிரம் மிச்சம்" என்றார் இவர்.
வட்டத்துக்குள்ளே குறுக்கே ஒரே கோடு.
மீன் இல்லை, சூரியன் இல்லை.
என்னடி இது என்றேன்.
"தண்ணி முடியற இடம்."

திங்கட்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும்.
கட்டுவதா என்று இன்னும் நாங்கள்
ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு மணி இருக்கும்.
கோட்டின் விளிம்பில், விரல்கள் வெளியே படாமல்,
தொடைகளை இடுக்கிக்கொண்டு நிற்கிறான் ரூபன்.
"அம்மா, எறங்கலாமா? ஒண்ணுக்கு வருது."

"கொஞ்சம் இருடா, கரை வரட்டும்" என்று
இருட்டில் செருப்பைத் துழாவினேன்.