அரைப் பேருந்து

குஞ்சப்பனைக்குக் கீழே மண் சரிந்துவிட்டதாம்.
குன்னூர் சுற்றித்தான் போகும்,
இறங்குகிறவர்கள் இறங்கலாம் என்றார் சகாயநாதன்.
கோத்தகிரியில் யாரும் இறங்கவில்லை,
ஒரு பூண்டு மூட்டையும்
அதன் சொந்தக்காரரும் தவிர.

மடியில் கணினி. சார்ஜ் ஒன்பது சதவீதம்.
உள்ளே நாற்பத்தொரு பக்க நிரூபணம்,
பதினான்கு மாத வயது,
மார்ச்சில் முடிகிற என் ஒப்பந்தத்தைவிடக்
கொஞ்சம் ஆரோக்கியமானது.

என்ன வேலை என்று கேட்டால் இப்படிச் சொல்வேன்:
எல்லா ஊரையும் பார்த்துவிட்டுப்
புறப்பட்ட இடத்துக்கே திரும்ப
மிகக் குறைந்த தூரம் எது?
போனில் போட்டால் வந்துடுமே என்பார்
வீட்டுக்காரர் பெள்ளி கவுடர்.
வரும்தான்.
எத்தனை ஊர் கொடுத்தாலும் சட்டென வரும் என்று
யாரும் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை.

அதனால் கேள்வியைத் தளர்த்துவோம்.
முழுப் பேருந்து வேண்டாம், பாதி ஓடட்டும்.
ஊட்டியிலிருந்து குன்னூருக்குப் பாதி,
குன்னூரிலிருந்து கோத்தகிரிக்குப் பாதி,
அங்கிருந்து ஊட்டிக்கு மிச்சப் பாதி.
அரை ஹாரன், அரை ஓட்டுநர்.
காகிதத்தில் ஓடும், டீசலும் குறையும்.
பாதிகளை ஒட்டி முழுசாக்கும்போது
எவ்வளவு கூடுகிறது?
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
அரை டிக்கெட் உண்டு, அரைப் பேருந்து ஏது
என்று சகாயநாதன் கேட்டிருப்பார்.
நான் சொன்னதில்லை.

கட்டபெட்டு தாண்டியதும் மூடுபனி.
ஜன்னல் ஆவியில் விரல் தானாக வரைந்தது:
மேலே மூன்று புள்ளி, முக்கோணம்.
கீழே சமவெளியில் மூன்று, இன்னொரு முக்கோணம்.
இரண்டையும் சேர்க்க மூன்று மலைப்பாதை,
பாதைக்கு ஒரு நிறுத்தம்:
குஞ்சப்பனை, பர்லியார், முள்ளி.
ஒவ்வொரு கோட்டுக்கும் நீளம் ஒன்று.
பழைய படம்தான்,
இந்தத் துறைக்கு வந்த முதல் வாரமே
எல்லோரும் வரைவது.
அரைப் பேருந்துகளுக்கு இதில் ஒன்பது ஆகும்.
நிஜப் பேருந்துக்குப் பத்து.
இறங்கியவன் ஏறியாக வேண்டும்,
பாதையோ ஒற்றைப்படை.

சரி, இன்று மண் சரிந்திருக்கிறதே என்று
குஞ்சப்பனைக்குக் கீழே உள்ள கோட்டைக்
கட்டைவிரலால் அழித்தேன்.
நிஜப் பேருந்துக்குப் பத்து, மாறவில்லை.
அரைப் பேருந்துக்கும்
பத்து.

இன்னொரு முறை கூட்டினேன்.
சாலை அடைபட்டால்
கணக்கும் வண்டியும் ஒத்துப்போகின்றன.
மண்ணை அள்ளித் திறந்தால்
கணக்குக்கு மட்டும் ஒரு ரூபாய் லாபம்.

பக்கம் இருபத்து மூன்று, நான் எழுதியது:
"புதிய இணைப்பால் இடைவெளி கூடாது எனப்
பொதுமை குலையாமல் கொள்வோம்."
குலைந்துவிட்டது பொதுமை.
இருபத்து நான்கிலிருந்து நாற்பத்தொன்று வரை
அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தன.
இத்தனை வருடம் கண் முன்னே இருந்த படம்;
சாலையை மூடி
யாரும் அதை வரைந்து பார்க்கவில்லை.

அழுகை வரும் என்று காத்திருந்தேன்.
வந்தது சிரிப்பு, சத்தமாக.
பக்கத்து சீட்டுக்காரர் தன் பையை
அந்தப் பக்கம் மாற்றி வைத்துக்கொண்டார்.

பர்லியாரில் டீக்கு நின்றபோது சிக்னல் கிடைத்தது.
புடாபெஸ்டில் ஆக்னெஸ் அப்போதுதான் எழுந்திருப்பாள்.
"இருபத்து மூன்று செத்துவிட்டது."
யார் தப்பு என்று கேட்கவில்லை அவள்.
"எத்தனை புள்ளி?"
"ஒன்பது."
"அழகு" என்று அனுப்பினாள்,
கொஞ்ச நேரம் கழித்து
"நாசமாய்ப் போக" என்றும்.

இனி விண்ணப்பம்.
கடந்த ஆண்டின் முடிவுகள் என்றொரு கட்டம்,
இருநூறு சொல்லுக்குள்.

கீழே இறங்க இறங்க வெயில்.
கண்ணாடியில் முதலில் மேல் முக்கோணம் போயிற்று,
பிறகு பாதைகள்.
டிக்கெட்டின் பின்புறம் படியெடுத்து வைத்திருந்தேன்.
கல்லாறில் ஏறிய பரிசோதகர்
அதைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன ரூட் இது?"
"ஒன்பது."
கொஞ்சம் யோசித்தார்.
"இந்த மலையில் ஒன்பது ஓடலையே."
கிழித்துக் கொடுத்துவிட்டு
அடுத்த சீட்டுக்குப் போனார்.