பாறைக்கு எதிரே

கிருஷ்ணகிரி பழையபேட்டையில்
மலை இறங்கி வந்து களைத்து நின்ற இடத்தில்
ஒரு வீடு விலைக்கு வந்தது.
நடு அறையில் பாறை.
சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்து
எழுந்து போக மறந்த விருந்தாளி மாதிரி.
சரியாகச் சொன்னால்
பாறைதான் முதலில் இருந்தது,
விருந்தாளி சுவர்.

"முப்பத்தெட்டுல ஒரு புளி மண்டிக்காரர் கட்டினதும்மா.
உடைக்க ஆள் வெச்சாராம், உளிதான் மழுங்குச்சாம்"
என்றார் தரகர் திம்மராயன்.
லோகு பாறையைத் தட்டிப் பார்த்தான்,
மண்டியில் மாம்பழம் எடுக்கிறவன் போல.
அவன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது,
இவன் குடிவந்துவிட்டான்.

நான் அரசு ஆஸ்பத்திரி லேப்பில்
பதினாறு வருஷமாக ரத்தம் பார்க்கிறவள்.
ஆள் பிடித்துப்போனதற்காக
சர்க்கரையைக் குறைத்து எழுத முடியாது.
நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டேன்.

என்ஜினீயர் ஷபீர் ஏணி போட்டு ஏறி
உத்தரத்தில் திருப்புளியை வைத்தார்.
ஊறின அவலில் விரல் போல இறங்கியது.
கூரை நாலே கால் லட்சம்.
வயரிங் தொண்ணூறாயிரம்.
கரையானுக்கு இருபத்திரண்டு.
கக்கூஸ் கொல்லையில் இருந்தது,
அதை உள்ளே கொண்டுவர ஒன்று அறுபது.
"பாறை?" என்று கேட்டேன்.
ஷபீர் கீழே இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு
பதில் சொல்லாமல் சிரித்தார்.

பேங்கில் கட்டடத்துக்கு மதிப்பே போடவில்லை.
மனைக்கு மட்டும் கடன், அதிலும் முக்கால் பங்கு.
வில்லங்கச் சான்றில் வில்லங்கம் இல்லை,
பட்டாவில் மட்டும் ஒரு தம்பி பெயர்,
ஓசூரில் இருக்கிறாராம், கையெழுத்துப் போடுவாராம்.
"வாராம்" என்பதை நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பக்கத்து வீட்டு நாகவேணி தானாகவே வந்து சொன்னாள்:
"சித்திரையில ராத்திரி பன்னெண்டு வரைக்கும்
பாறை சூடு விடாதுக்கா.
மார்கழியில பூனைங்க வந்து படுத்துக்கும்."

ஐப்பசியில் நல்ல மழை பிடித்த ஒரு மாலை
சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனோம்.
ஒழுகும் வீட்டை ஒழுகும்போதுதான் பார்க்க வேண்டும்.
கூரை ஐந்து இடத்தில் ஒழுகியது, எண்ணினேன்.
பாறையின் முதுகிலும் தண்ணீர் வழிந்தது.
லோகு டார்ச்சை அடித்தான்.
வழிந்த தண்ணீர் தரையில் பரவவில்லை.
பாறையின் காலடியில் விரல் அகலத்துக்கு
ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தார்கள்,
சுவரோரமாகவே போய் ஒரு துவாரத்தில் இறங்கி
கொல்லை முருங்கைக்குப் போய்ச் சேர்ந்தது.

உளி மழுங்கவில்லை.
அந்த ஆளுக்கு
எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

லோகு ஒன்றும் சொல்லவில்லை.
பேசினால் நான் நோட்டை நீட்டுவேன் என்று பயம்.
எனக்கும் கொஞ்சம் பயம்தான்,
நோட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை நான்.

திரும்பி வரும் வழியில்
ரவுண்டானா பக்கம் லாரிகளுக்கு நடுவே நின்றபோது கேட்டேன்:
"பாறை எத்தனை சதுர அடி?"
"நூத்திப் பன்னெண்டு. அளந்துட்டேன்."
எப்போது அளந்தான்?

சதுர அடி ஆயிரத்து அறுநூறு.
அப்படியானால் பாறைக்கு மட்டும்
ஒரு லட்சத்து எழுபத்தொன்பதாயிரத்து இருநூறு.
மறுநாள் திம்மராயனிடம் சொன்னேன்,
மனை விலைதான் தருவோம்,
அதிலும் பாறை நிற்கிற இடத்தைக் கழித்துக்கொண்டு.
பதினேழு லட்சம்.
தம்பி கையெழுத்துக்கு முன்னால் ஒரு ரூபாய் கிடையாது.

சாயங்காலம் பதில் வந்தது.
வீட்டுக்காரர் இருபத்திநாலில் இருந்து இறங்கிவிட்டாராம்,
பத்தொன்பது.
"பாறைய கழிக்கிறதுன்னா
பாறை என் பேர்லயே இருக்கட்டும்,
வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போறேன்"
என்றாராம்.
கேலியா கோபமா, திம்மராயனுக்கே தெரியவில்லை.

ராத்திரி கூட்டல் போட உட்கார்ந்தேன்.
கூரை, வயரிங், கரையான், கக்கூஸ்.
எல்லாவற்றுக்கும் எதிரே ஒரு தொகை.
பாறை என்று எழுதியிருந்த வரிக்கு எதிரே மட்டும்
என்ன யோசித்தும் செலவு எதுவும் வரவில்லை.
சுண்ணாம்பு வேண்டாம், கரையான் தொடாது,
எங்களுக்குப் பிறகும் வட்டி கேட்காது.
பூஜ்யம் என்று எழுதினேன்.

பதினேழு பதினேழுதான்.
ஏற்ற மாட்டேன்.
லோகு தூங்குவது போல் படுத்திருந்தான்.
போனை மட்டும்
சைலண்டில் போடாமல் வைத்தேன்.